மாமூல் வண்டித்தடம்

1963-ல் எழுதிய பாகப் பத்திரம் அது. ‘சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுக்கா’ என்று தொடங்கும். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய எங்கள் பக்கத்துத் தாய்ப்பத்திரங்கள் எல்லாம் சேலத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். அண்ணன் தம்பி இருவர் புஞ்சையைப் பிரித்துக்கொண்டதும், கிணறு பொதுவில் நின்றதும், புளியமரத்தில் ஆளுக்குப் பாதி என்றதும் வரிசையாக வருகின்றன. தபசிலின் கடைசியில், எல்லை சொல்லும் செக்குபந்தி முடிந்த இடத்தில், ஒரே ஒரு வரி: ‘மேற்படி பூமிக்குப் போக வர வடபுறம் மாமூல் வண்டித்தட பாத்தியமும் உண்டு.’

அந்த ஒரு வரிக்காக மூன்று கோர்ட்டுகளில் பதினான்கு வருஷம் வழக்கு நடந்தது. நான் வக்கீல் தொழிலுக்கு வந்து இரண்டாம் வருஷம் கைக்கு வந்த கட்டு. அதியமான்கோட்டையில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்த நிலம். சேலம் நெடுஞ்சாலைப் பக்கம் மனை விலை ஏற ஏற, கேழ்வரகும் அவரையும் விளைந்த காட்டை அடிக்கணக்கில் பேச ஆரம்பித்த காலம். தம்பி வழிப் பேரன் தடத்தின் வாயில் இரண்டு கல்லுக்கால் நட்டான். மாட்டு வண்டி போகும், டிராக்டர் போகாது. ‘பத்திரத்தில் வண்டி என்றுதானே இருக்கிறது? வண்டி என்றால் மாட்டு வண்டி. அதற்கு வழி விட்டிருக்கிறேன்’ என்பது அவன் எதிர்வாதம்.

கேட்டவுடன் வீம்பு என்று தோன்றும். உட்கார்ந்து யோசித்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. 1963-ல் எங்கள் ஊரில் எத்தனை டிராக்டர் ஓடியது? பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் மனதில் வைத்திருந்தது கட்டை வண்டியைத்தான். அவர்கள் நினைக்காத ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

முன்சீப் கோர்ட் அகராதியைப் பார்த்து, அண்ணன் வழியினருக்காக நாங்கள் போட்ட தாவாவைத் தள்ளியது. சப் கோர்ட்டில் அப்பீல், அங்கே ஜெயித்தோம். அவர்கள் சென்னைக்கு செகண்ட் அப்பீல் போனார்கள்.

அந்த மூன்றாம் படியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதல் அப்பீலில் சாட்சி சொன்னது உண்மையா பொய்யா என்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எடைபோடலாம். செகண்ட் அப்பீல் அப்படியில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பிறகு, ஒரே ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது: கணிசமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும். யார் உழுதார்கள், யார் வேலி போட்டார்கள் என்பதெல்லாம் கீழ்க்கோர்ட்டோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு பத்திரத்தின் சொற்களுக்கு என்ன சட்டப் பலன் என்று காண்பது சட்டக் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழித்தட வழக்கிலேயே 2006-ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: பத்திரத்தால் கொடுத்த தட உரிமை, வேறு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக அழிந்துபோகாது. ஆக, எங்கள் ஊர்த் தகராறுகள் சென்னைக்குப் போகும்போது மண், கல்லுக்கால், பகை எல்லாம் பின்தங்கிவிடும். சொல் மட்டும்தான் ரயில் ஏறும்.

அந்தச் சொல்லும் தமிழில் ஏறுவதில்லை. தர்மபுரி கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகும், தீர்ப்பும் தமிழில் வரும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்; அரசமைப்புச் சட்டத்தின் 348-வது பிரிவு அப்படி. அதனால் டைப்செட் தயாராகும்போது யாரோ ஒருவர் அந்த வரியை மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் கட்டில் ‘மாமூல்’ என்ற சொல்லுக்கு எதிரே, சும்மா அனுமதிக்கப்பட்டது என்ற பொருள் தரும் ஒரு ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருந்தது. சும்மா விட்டது என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஆகிவிடும். பத்திரத்தின் மாமூல் அதுவல்ல. காலங்காலமாக வழங்கி வருவது, யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டியிராதது. லஞ்சத்துக்குப் பேராகி அந்தச் சொல் பின்னால் கெட்டுப்போனது. 1963-ல் பத்திரம் எழுதியவர் கையில் அது சுத்தமாகத்தான் இருந்தது. அந்த மொழிபெயர்ப்புக்கு ஆட்சேபம் எழுதி, திருத்தம் வாங்கவே எங்களுக்கு இரண்டு வாய்தா ஆனது.

வாதத்தன்று நீதிபதி எங்கள் சீனியரை ஒரே கேள்விதான் கேட்டார். கட்டை வண்டிக்குக் கொடுத்த தடத்தில் டிராக்டரை எந்தச் சொல்லால் ஏற்றுகிறீர்கள்?

பதில் கட்டில் இருந்தது, எதிர்த்தரப்பின் சாட்சி வாயிலேயே. முன்சீப் கோர்ட்டில் நான் செய்த குறுக்கு விசாரணை, ஐந்தாம் பக்கம். அந்த ஊர்ப் பெரியவரிடம் கட்டை வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவன், ‘டயர் வண்டி எப்போ வந்தது?’ என்று கேட்டேன். அப்போது அதன் எடை எனக்குத் தெரியாது. சாட்சியைப் பேசவிட வேண்டும் என்பதற்காகக் கேட்டது. அவர் சொன்னார்: ‘பாலக்கோடு மில்லுக்குக் கரும்பு அடிக்க ஆரம்பிச்சப்போ டயர் வண்டி வந்துச்சு. அது கட்டை வண்டியைவிட அகலம். தடத்தோட ஓரத்தை வெட்டி விட்டோம்.’ யார் வெட்டி விட்டது? ‘ரெண்டு பங்காளியும் சேர்ந்துதான்.’

சீனியர் அந்த நான்கு வரியைப் படித்தார். மரச் சக்கரம் ரப்பர் சக்கரமானபோது, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களே உயிரோடு இருந்தார்கள். இது நாம் சொன்ன வண்டி இல்லை என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. மண்வெட்டி எடுத்து வழியை அகலப்படுத்தினார்கள். பத்திரத்தின் சொல் இரண்டு பொருளுக்கு இடம் கொடுத்தால், எழுதிக்கொண்டவர்கள் பிறகு நடந்துகொண்ட விதத்திலிருந்து பொருள் காணலாம் என்று உச்ச நீதிமன்றம் 1950-லேயே சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு ‘வண்டி’ என்றால் மாடு இழுப்பது என்று பொருளில்லை. விளைச்சலை ஏற்றிக்கொண்டு காட்டிலிருந்து வீட்டுக்கு வருவது எதுவோ அது. செகண்ட் அப்பீல் தள்ளுபடியானது. கல்லுக்கால்களில் ஒன்று இன்னும் அந்தத் தடத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கிறது.

அன்று முதல் எனக்கு ஒரு பிடிவாதம். பத்திரத்தில் ஊர்ச்சொல் எது வந்தாலும், அதன் பொருளை விசாரணைக் கோர்ட்டிலேயே ஒரு சாட்சியின் வாயால் சொல்ல வைத்துவிடுவேன். சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. எழுதிய பத்திரத்துக்கு எதிராக வாய்ச்சாட்சி கூடாது என்ற பொது விதியைப் படித்துவிட்டு, சாட்சியச் சட்டத்தின் 98-வது பிரிவைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். புரியாத எழுத்து, வழக்கொழிந்த சொல், தொழிற்சொல், வட்டாரச் சொல், சொற்சுருக்கம், தனிப் பொருளில் ஆண்ட சொல் ஆகியவற்றின் பொருளைக் காட்ட வாய்ச்சாட்சி கொடுக்கலாம் என்கிறது அது. 1872-ன் அந்தச் சட்டம் போய் 2024 ஜூலையில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்த பிறகும் இந்த விதி இருக்கிறது. சட்டத்தோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் உதாரணம் எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு சிற்பி ‘என் மாட்ஸ் எல்லாவற்றையும்’ விற்பதாக எழுதிக்கொடுக்கிறான். அவனிடம் மாதிரிச் சிலைகளும் உண்டு, வடிக்கும் கருவிகளும் உண்டு. எதை விற்றான் என்று சாட்சி வைத்துக் காட்டலாம். ஒரு பட்டறைக்குள் புழங்கிய பாதிச் சொல்லுக்காகச் சட்டம் நின்று காத்திருக்கிறது. எங்கள் மாமூலுக்கும் வண்டித்தடத்துக்கும் காத்திருக்காதா?

தனி மனிதர்கள் எழுதிய பத்திரத்தில் எழுதியவர் மனதைத் தேடலாம். சட்டமன்றம் எழுதிய சொல்லுக்கு யார் மனதைத் தேடுவது? 1961-ல் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது வெற்றிலை. காய்கறிக்கு விற்பனை வரி விலக்கு உண்டு; செடியில், கொடியில் விளைவதெல்லாம் காய்கறிதானே, வெற்றிலையும் அதில் சேரும் என்றார் வியாபாரி. தாவரவியல் நூல் அவர் பக்கம். சந்தைக்குப் பையோடு போகிறவர் காய்கறி என்று எதைச் சொல்வாரோ அதுதான் பொருள் என்று கோர்ட் சொன்னது. வெற்றிலைக்கு வரி விழுந்தது. 1977-ல் மேற்கு வங்கத்திலிருந்து பச்சை இஞ்சி வந்தது. அது சமையலுக்குப் போகிறது, காய்கறிக் கடையில் கிடைக்கிறது, அதனால் காய்கறிதான் என்றார்கள். வாங்குபவரும் விற்பவரும் பேசும் பேச்சே அளவுகோல் என்று இளம் வக்கீல்கள் இதை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

அது பாதிதான். 1978-ன் அல்லாடி வெங்கடேஸ்வரலு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் அவலும் பொரியும் ‘அரிசி’யில் அடங்குமா என்பது கேள்வி. எங்கள் ஊர்க் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் வருகிறவர்களிடம் கேளுங்கள்: அரிசி கேட்டவருக்கு யாராவது பொரியை அளந்து போடுவார்களா? கடைப்பேச்சு ஒன்றே அளவு என்றால் பொரி அரிசி ஆகாது. ஆனால் உச்ச நீதிமன்றம் அடங்கும் என்றது. அரிசிக்கு ஒருமுறை வரி வாங்கிவிட்டு, அதையே பொரித்ததற்காகவும் தட்டியதற்காகவும் தனியாக வரி கேட்பது சட்டம் செய்தவர்களின் எண்ணமாக இருக்காது என்று பார்த்தார்கள். சொல்லைக் கடையில் கேட்டுவிட்டு, அந்தச் சொல் அந்தச் சட்டத்தில் எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்றும் கேட்டார்கள். நான் மதிக்கும் தீர்ப்புகளில் இந்த இரண்டாம் கேள்வி எப்போதும் இருக்கும்.

யார் பேச்சு பொதுப் பேச்சு என்ற சிக்கல் எங்களுக்குப் பக்கத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் போனது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீசுக்கும் நடந்த வழக்கு: சின்னப் புட்டியில் விற்கும் சுத்தத் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? 2018 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு வழி போனார்கள். நீதிபதி ரஞ்சன் கோகாய் சமையல் எண்ணெய் என்றார்; நீதிபதி ஆர். பானுமதி சின்ன அளவில் அடைத்து விற்பது கேசத் தைலத் தலைப்பில்தான் சேரும் என்றார். பானுமதி அம்மா திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து, 1988-ல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் வரை போனவர். எங்கள் பக்கத்துச் சமையலறையில் தாளிப்பது கடலை எண்ணெயில். தேங்காய் எண்ணெய்ப் புட்டி கண்ணாடிக்குப் பக்கத்தில், சீப்போடு இருக்கும். அவர் தீர்ப்பைப் படித்தபோது எங்கள் வீட்டு அலமாரி எனக்கு நினைவு வந்தது. ஆனால் பாலக்காடு தாண்டினால் அதே புட்டி அடுப்படியில் இருக்கிறது. 2024 டிசம்பர் 18-ல் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, நீதிபதிகள் சஞ்சய் குமார், ஆர். மகாதேவன் அமர்வு, புட்டி சின்னது என்பதற்காக மட்டும் எண்ணெய் தைலமாகிவிடாது என்று முடித்தது. தலைக்குத் தேய்ப்பதற்கென்று புட்டியே சொல்ல வேண்டும். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நாடு முழுக்க ஒரே வரிப் பட்டியல் இருக்கும்போது எங்கள் வீட்டு அலமாரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமான சொல் வேறு. நத்தம். எங்கள் மாவட்டத்துக் கடத்தூரிலிருந்தே அது உயர் நீதிமன்றம் போனது. பேரூராட்சிச் செயல் அலுவலர் செய்த மேல்முறையீட்டில் 2004-ல் இரு நீதிபதி அமர்வு தீர்ப்பு. கிராமக் கணக்கில் நத்தம் புறம்போக்குப் பட்டியலில் எழுதியிருக்கும். புறம்போக்கு என்ற சொல்லைப் பார்த்தவுடன் ‘அரசாங்க இடம், காலி செய்’ என்று நோட்டீஸ் வரும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தீர்வைக் கணக்குக்குப் புறம்பாகப் போனது, அவ்வளவுதான். சாகுபடி நிலத்துக்குப் போல அதற்குத் தீர்வை போடவில்லை. ஏனென்றால் அங்கே ஜனங்கள் குடியிருந்தார்கள். வரி இல்லாதது உடையவன் இல்லாததாகிவிடுமா? நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ல் வந்தது. அதன் 2-வது பிரிவு சாலை, ஆறு, ஏரி, வாய்க்கால் எல்லாம் சர்க்காருடையது என்று அடுக்கிக்கொண்டே போய், கோயில் மனையையும் ஒருவருக்குச் சொந்தமான வீட்டுமனையையும் கொல்லையையும் தனியே ஒதுக்கி வைக்கிறது. கடத்தூர் வழக்கில் நீதிபதிகள் நத்தம் என்றால் கிராமத்தில் வீடு கட்டிக்கொள்ள விட்ட இடம் என்று பழைய பொருளுக்கே திரும்பினார்கள். அது அரசுக்கோ பேரூராட்சிக்கோ சொத்தாகச் சேர்ந்துவிடவில்லை என்றார்கள். 1959-லிருந்தே அந்த உயர் நீதிமன்றத்தில் ஓடி வந்த கருத்துதான். இருந்தும் ஒவ்வொரு தலைமுறை அதிகாரிக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நத்தத்தில் மூன்று தலைமுறையாக அடுப்பெரித்தவர்கள் கையில் நோட்டீஸோடு என் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், கடத்தூர் தீர்ப்பின் நகலைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். ‘சாமி, நத்தம்னா ஊருதானே?’ என்று ஒரு அம்மா கேட்டார். ஆமாம், உயர் நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது என்றேன்.

பத்திரங்களில் இன்னொரு தொடர், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’. மகனுக்கும் பேரனுக்கும் என்று எழுதியிருப்பதால் மகளுக்கு இல்லை என்று வாதிட வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வங்காளத்து வழக்கு ஒன்றில் லண்டன் பிரிவி கவுன்சில் 1881-லேயே இதே தொடரைப் பார்த்துவிட்டது. வாரிசுமுறையில் இறங்கும் முழு உரிமையைக் கொடுக்கும் வழக்குச்சொல் அது. பெண்களை விலக்க எழுதியது அல்ல என்றது. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

கோர்ட் தானே சொன்ன சொல்லுக்கும் பொருள் காண வேண்டிவரும். ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற தொடர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. 1980-ல் பச்சன் சிங் தீர்ப்பில் பிறந்தது. 2000 பிப்ரவரி 2-ல் இலக்கியம்பட்டியில் பஸ்ஸுக்குத் தீ வைத்து, வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்களே, அந்த வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொடருக்குள் அடங்கும் என்று மூவருக்கு மரண தண்டனையை உறுதி செய்தது. 2016-ல், சீராய்வில், கும்பல் வெறியில் நடந்தது என்பதைக் கணக்கில் எடுத்து அதே நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்தச் சாலையில் நான் வாரத்தில் ஆறு நாள் போய் வருகிறேன். ஒரு தொடரை எப்படிப் படிக்கிறோம் என்பது வக்கீல்களின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

இப்போது கையில் ஒரு கிணற்று வழக்கு. பத்திரத்தில் ‘வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஜோடிக் கவலை இறைத்துக்கொள்ளும் பாத்தியம்’ என்று இருக்கிறது. கவலை என்றால் மாட்டைப் பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைப்பது. தெற்கே கமலை என்பார்கள். இன்று கிணற்றில் மோட்டார் நிற்கிறது. ஒரு நாள் கவலை என்பது எத்தனை மணி நேர மோட்டார்? நாள் என்றால் இருபத்துநாலு மணி நேரம் என்கிறது எதிர்த்தரப்பு. அப்படியானால் இரண்டு நாளில் கிணறு வற்றிப்போகும், மீதிப் பங்காளிகளுக்குச் சேறுதான். என் ஜூனியர் தயாரித்த ஆங்கிலக் குறிப்பில் கவலை என்ற இடத்தில் ‘மனத்துயர்’ என்று பொருள்படும் சொல் வந்திருந்தது. அவள் பட்டணத்தில் படித்து வளர்ந்த பெண். கவலை ஓட்டியதைப் பார்த்ததில்லை. அந்தத் தாளை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு, கவலை ஓட்டிய கை இன்னும் மிச்சம் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்துக்கு மேல். கிணற்று மேட்டில் சால் இறங்கிய கல்லில் கயிறு அறுத்த பள்ளத்தைத் தடவிக் காட்டினார்.

‘ஒரு நாள் கவலைன்னா எப்போ பூட்டி எப்போ அவுப்பீங்க பெரியப்பா?’ என்று கேட்டேன்.

‘விடியலுக்கு முன்ன பூட்டுவோம் தம்பி. வெயில் ஏறினா மாடு தாங்காது, அவுத்துடுவோம். சாயங்காலம் கிணத்துல தண்ணி ஊறி இருந்தா இன்னொரு தடவை. ஊறலன்னா இல்ல.’

அடுத்த வாய்தாவில் அவரைக் கூண்டில் ஏற்றி இதே கேள்வியைக் கேட்கப் போகிறேன். தட்டச்சர் ‘நீர் இறைத்தல்’ என்று மாற்றி அடித்துவிடாமல், கவலை என்றே அடிக்கும்படி நீதிபதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.